ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறதா? மோட்டர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மட்டக்களப்புப் பக்கம் புது வீட்டுக்குக் குடிவருபவர்களுக்கு முதல் மாதத்திலேயே வரும் தலைவலி இது. குசினிக் குழாயில் தண்ணீர் நன்றாக வரும். பாத்ரூமில் வாளியும் ஓரளவு சீக்கிரம் நிறையும். ஷவரைத் திறந்தால் மட்டும் நான்கைந்து துளைகளால் வடிந்து, பாதித் தண்ணீர் சுவரோடு போய்விடும். யாரைக் கேட்டாலும் “ஒரு மோட்டரைப் போட்டு விடுங்க, சரியாகும்” என்பார்கள். எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சோடுதான் மாதக்கணக்கில் இழுபட்டோம். கடைசியில் மோட்டர் இல்லாமலேயே சரியானது. தண்ணீர் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று கண்டுபிடித்தால் போதும். பெரும்பாலான வீடுகளில் செலவு சில நூறு ரூபாயோடும் சில மணி நேர வேலையோடும் முடிந்துவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள். செலவு குறைந்ததிலிருந்து கூடியதுக்குப் போகும்படி அடுக்கியிருக்கிறேன்.

1. ஷவருக்கு வரும் தண்ணீர் எந்தத் தண்ணீர்?

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் இருக்கும். ஒன்று தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்த் தண்ணீர். மட்டக்களப்புக்கு அது உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வருகிறது. மற்றது வளவுக் கிணற்றுத் தண்ணீர், மோட்டரால் தாங்கிக்கு ஏற்றுவது. குடிக்கவும் சமைக்கவும் சபைத் தண்ணீர், குளிக்கவும் கழுவவும் கிணற்றுத் தண்ணீர் என்று பிரித்து வைத்திருப்பார்கள். வாடகைக்கு வந்தவருக்கு எது எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது.

தெரிந்துகொள்ள எளிய வழி, தாங்கியிலிருந்து கீழே இறங்கும் வால்வை மூடிவிட்டு ஷவரைத் திறப்பது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் அது தாங்கித் தண்ணீர். தொடர்ந்து வந்தால் சபையின் குழாயிலிருந்து நேராக வருகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் இதை நிச்சயப்படுத்தாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

இந்த இடத்திலேயே ஒரு எச்சரிக்கை. கிணற்று லைனையும் சபை லைனையும் ஒரு வால்வால் இணைத்து, “இது இல்லாத நேரம் அது” என்று வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்த வால்வு கொஞ்சம் கசிந்தாலும், சபைக் குழாயில் அமுக்கம் குறையும் நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் உள்ளே போய்விடும். அது அடுத்த வீட்டுப் பிள்ளை குடிக்கும் தண்ணீர். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் ஷவரை விட்டுவிட்டு முதலில் அதைப் பிரியுங்கள்.

2. அளந்து எழுதி வையுங்கள்

ஒரு லீற்றர் போத்தலால் பத்துத் தடவை ஊற்றி, வாளியில் 10 லீற்றர் மட்டத்தில் கோடு போடுங்கள். ஷவரை முழுதாகத் திறந்து, அந்தக் கோடு வரை நிறைய எத்தனை வினாடி என்று போனில் பாருங்கள். 600ஐ அந்த வினாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று வரும். பிறகு ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயில் அதே அளவை எடுங்கள்.

ஒரு நிமிடத்தில் 10 லீற்றர் வந்தால் நல்ல குளிப்பு. 6, 7 லீற்றர் தாராளமாகப் போதும். 4 லீற்றருக்குக் கீழே போனால்தான் தலையில் சவர்க்கார நுரையோடு காத்துக்கொண்டிருக்க வேண்டி வரும்.

இரண்டு அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலை இல்லாமல் நன்றாக வந்து, தலையோடு குறைந்தால் கோளாறு தலையில். அடுத்த படியோடு வேலை முடிந்தது. இரண்டுமே குறைவென்றால் கோளாறு அதற்குப் பின்னால் இருக்கிறது.

கால் கழுவும் குழாயோடு ஷவரை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். தாங்கித் தண்ணீரில் தாழ இருக்கும் குழாய்க்கு எப்போதும் வேகம் அதிகம். அது கோளாறு இல்லை, உயரத்தின் கணக்கு.

3. ஷவர் தலையைத் துப்புரவாக்குங்கள்

தலையைக் கழற்றியதும் அது குழாயில் ஏறும் வாய்க்குள் பாருங்கள். சிறிய வலை ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் அந்த வலை நிறையக் கறுப்பு மணல், பைப்பை வாளால் அறுத்தபோது விழுந்த வெள்ளைச் சுருள்கள், நகம் போல் காய்ந்து கிடந்த பசைத் துண்டு ஒன்று. வீடு கட்டி முடித்தவர்கள் லைனைக் கழுவி விடாமலே ஷவரைப் பூட்டியிருக்கிறார்கள். புது வீட்டில் ஷவர் மெதுவாக வந்தால் முதல் சந்தேகம் இந்த வலை மேல்தான் இருக்க வேண்டும்.

வலைக்குக் கீழே சில தலைகளில் நடுவில் சின்னத் துளையுள்ள பிளாஸ்டிக் வட்டு இருக்கும். தண்ணீரைச் சிக்கனப்படுத்த வைத்தது. அமுக்கம் கூடிய நகரத்துக்கு அது நல்லது. தாங்கித் தண்ணீரில் குளிக்கும் நமக்கு வேண்டாம். எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

துளைகளில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது கிணற்றுத் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும். வாவிக்கரையை ஒட்டிய வளவுகளில், கச்சான் காற்று வீசி கிணறு இறங்கும் மாதங்களில் இது கூடும். ஒரு பொலித்தீன் பையில் வினாகிரி ஊற்றி, தலை அதில் முழுதாக மூழ்கும்படி இரவு வையுங்கள். விலை குறைந்த செயற்கை வினாகிரியே போதும். காலையில் பழைய பல் பிரஷால் தேய்த்து, தையல் ஊசியால் துளைகளைக் குத்திவிடுங்கள். பொன்னிற முலாம் பூசிய தலை என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் ஊற விடாதீர்கள், நிறம் போய்விடும்.

திருப்பிப் பூட்டும் முன் வெறும் குழாயை ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் லைனில் மிச்சமிருக்கும் மணல் திரும்ப வலையில் வந்து உட்காரும். திரெட் டேப் நான்கைந்து சுற்று போதும்.

புதுத் தலை வாங்கத்தான் வேண்டுமென்றால், ஹாட்வெயார் கடையில் தட்டுப்போல் அகன்ற பெரிய தலையைக் காட்டுவார்கள். பார்க்க அழகு. ஆனால் அதன் அத்தனை துளையையும் நிரப்பத் தாங்கித் தண்ணீரால் முடியாது; தலைக்கு நேரே சொட்டுச் சொட்டாக விழும். பெட்டியில் குறைந்தபட்ச அமுக்கம் ‘பார்’ கணக்கில் போட்டிருக்கும். 0.1 அல்லது 0.2 என்று இருப்பதை எடுங்கள். 1 பார் என்று போட்டிருந்தால், அதற்குத் தாங்கி ஷவருக்கு மேலே 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் “டேங்க் தண்ணிக்கு” என்று சொல்லியே கேளுங்கள்.

4. வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்

தாங்கியிலிருந்து ஷவர் வரை நடந்து, வழியில் உள்ள எல்லா வால்வையும் எண்ணுங்கள். கைப்பிடி பைப்போடு நேராக நிற்கும் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறது; கொஞ்சம் சரிந்திருந்தாலும் தண்ணீர் குறையும். சக்கரம் போல் திருகும் கேட் வால்வுகள் சிலவற்றில் மேலே சக்கரம் சுற்றும், உள்ளே கதவு உடைந்து விழுந்து கிடக்கும். திறந்தும் மூடியும் பார்த்தால் வேகத்தில் மாற்றமே இல்லையென்றால் அதை மாற்றுங்கள்.

ஷவருக்கென்று சுவருக்குள் பதிக்கும் ஸ்டொப் கொக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் உள்ளே தண்ணீர் நேராகப் போவதில்லை. ஒரு மேடு ஏறி, வாஷருக்கு அடியால் புகுந்து, திரும்ப இறங்குகிறது. சபைக் குழாயின் அமுக்கத்துக்கு அது பெரிய விஷயமில்லை. ஐந்தாறு அடி உயரத்திலிருந்து இறங்கும் தாங்கித் தண்ணீருக்கு அது பெரிய தடை. வாஷர் ஊறிப் பருத்திருந்தால் இன்னும் மோசம். வாஷர் மாற்றச் செலவு மிகக் குறைவு; சுவரை உடைக்க வேண்டியதும் இல்லை, மேல்பகுதியை மட்டும் ஸ்பானரால் கழற்றலாம். பாத்ரூமைப் புதிதாகக் கட்டுபவர்களாக இருந்தால், ஷவர் லைனில் துளை முழுதாகத் திறக்கும் பந்து வால்வு போடச் சொல்லுங்கள்.

உடனடிச் சுடுதண்ணீர் ஹீட்டர் ஊடாக ஷவர் வருகிறதென்றால் அதன் வாயிலும் ஒரு வலை உண்டு. கழற்றும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். சுவிட்ச் மட்டும் போதாது, அந்தச் சுற்றின் பிரேக்கரையும் இறக்குங்கள்.

5. தாங்கி

தாங்கியின் அடியில் சேறு சேர்ந்து, வெளியேறும் வாய் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். கிணற்று மோட்டர் மணலையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது கழுவ வேண்டும். மாரி தொடங்கும் முன், செப்ரெம்பரில் கழுவுவது நல்லது.

தாங்கி வெறுமையாகித் திரும்ப நிறைத்த பிறகு ஷவர் இருமி இருமி வந்தால் அல்லது ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மோசமாகவும் வந்தால், பைப்பில் காற்று அடைத்திருக்கிறது. லைன் ஓரிடத்தில் ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். தாங்கியை முழுதாக நிறைத்து, வீட்டில் ஆகத் தாழ இருக்கும் குழாயைச் சில நிமிடங்கள் முழுதாகத் திறந்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால், தாங்கியின் வால்வைத் தாண்டியதும் ஒரு ‘டீ’ (T வடிவ இணைப்பு) போட்டு, அதிலிருந்து அரை இஞ்சிப் பைப்பைத் தாங்கியின் வாய்க்கும் மேலே நீட்டி, நுனியைக் கீழ்நோக்கி வளைத்துத் திறந்தபடி விடுங்கள். காற்று அதால் போகும். அந்த டீயும் ஒரு துண்டுப் பைப்பும் இரண்டு எல்போவும் (வளைவு இணைப்பு) தான் செலவு. ஏனோ எங்கள் ஊர்ப் பக்கம் பலர் இதைப் போடுவதேயில்லை.

6. உயரமா, பைப்பா?

இதுவரை செய்தும் சரியாகவில்லை என்றால் இனிக் காசு செலவாகும். கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள்.

தாங்கித் தண்ணீரின் அமுக்கம் உயரத்தால் மட்டும் வருவது. ஒரு மீட்டருக்கு 0.1 பார். தாங்கியின் அடி 12 அடியில், ஷவர் 7 அடியில் என்றால் மிஞ்சுவது 5 அடி. அதாவது சுமார் 0.15 பார். தாங்கி பெரிதாக இருந்தால் வேகம் கூடும் என்று நினைக்க வேண்டாம். 500 லீற்றரை 1000 ஆக்கினால் அதிக நேரம் வரும், அதிக வேகமாக வராது.

தாங்கியை இன்னும் 5 அடி உயர்த்தினால் உயரம் இரட்டிப்பாகும். ஆனால் ஷவரில் வரும் தண்ணீர் இரட்டிப்பாகாது, சுமார் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதே தாங்கியை அதே உயரத்தில் வைத்துக்கொண்டு, அரை இஞ்சிப் பைப்பை முக்கால் இஞ்சியாக மாற்றினால் அந்தப் பைப்பால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தண்ணீர் போகும். ஒரு இஞ்சி என்றால் ஆறு மடங்கு. எனக்கு இந்தக் கணக்குப் புரிந்த நாளில்தான் மோட்டர் பேச்சு முடிந்தது.

ஆகவே தாங்கியிலிருந்து பாத்ரூம் வரை ஒரு இஞ்சி அல்லது முக்கால் இஞ்சியில் தனி லைன் இழுங்கள். குசினிக்கும் சலவை இயந்திரத்துக்கும் அதிலிருந்து பிரிக்காதீர்கள். ஷவருக்கு ஏறும் கடைசித் துண்டு மட்டும் அரை இஞ்சியாக இருக்கட்டும். எல்போவைக் குறையுங்கள், அரை இஞ்சி எல்போ ஒன்று ஏறத்தாழ ஒன்றரை அடி நேர்ப் பைப்பின் தடையைத் தருகிறது. சுவரை உடைக்க வேண்டாம் என்றால் வெளிச்சுவரால் கொண்டுபோய், ஷவர் இருக்கும் இடத்தில் மட்டும் துளைத்து உள்ளே விடலாம். வெயில் படும் பைப்புக்குப் பெயின்ட் அடியுங்கள்.

உயர்த்தத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் கவனம் தேவை. 1000 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டும் ஒரு தொன். பழைய தூணின் மேல் கல்லை அடுக்கி அதன் மேல் தாங்கியை ஏற்றுவது உயிருக்கு ஆபத்து. பிளாஸ்டிக் தாங்கியின் அடி முழுவதும் மட்டமான தட்டில் இருக்க வேண்டும்; இரண்டு பலகையில் வைத்தால் அடி வெடிக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளி அடித்த ஊர் இது. நவம்பர், டிசம்பரில் தாங்கியை வெறுமையாக விடாதீர்கள், கட்டியும் வையுங்கள்.

7. மோட்டர் போடத்தான் வேண்டுமென்றால்

மாடி வீட்டில் தாங்கிக்கு நேர் கீழேயே ஷவர் இருந்தால் பைப்பை மாற்றினாலும் போதாமல் போகலாம். அப்போது ஒரு சிறிய பூஸ்டர் மோட்டர் நியாயமானதுதான். ஒரு ஷவருக்கு 100 முதல் 120 வோட் (W) அளவுள்ளது போதும். மின்கட்டணம் பயப்படும்படி இல்லை: 120 வோட் மோட்டரில் நான்கு பேர் தினமும் ஆளுக்குக் கால் மணி நேரம் குளித்தால் மாதத்துக்கு நான்கு யூனிட் கூட வராது.

சிக்கல் எங்கே என்றால், விலை குறைந்தவை தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் இயங்கும். உங்கள் ஷவரில் தண்ணீர் வடிவதே கஷ்டம் என்றால் மோட்டருக்கு அது தெரியாது, இயங்காமலே இருக்கும். இயங்கத் தேவையான குறைந்தபட்ச ஓட்டம் எவ்வளவு என்று கேட்டு, நீங்கள் இரண்டாம் படியில் எழுதிய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டம் போதாவிட்டால் அமுக்கத்தை உணர்ந்து இயங்கும் வகைதான் வேண்டும்; அது விலை கூட.

மோட்டரைச் சுற்றி ஒரு மாற்று வழியும் அதில் ஒரு திரும்பா வால்வும் போடச் சொல்லுங்கள். கரண்ட் போனாலும் தண்ணீர் வரும். எர்த் வயர் கட்டாயம், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். கடற்கரைக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆகையால் கூரை நிழலில் வையுங்கள். பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் வாங்கும்போதே கடை முத்திரையும் திகதியும் போட்டு வாங்குங்கள். முத்திரை இல்லாத அட்டையை வைத்துக்கொண்டு பிறகு பேச முடியாது.

8. சபைத் தண்ணீர் நேராக வரும் வீடுகள்

பக்கத்து வீட்டிலும் இதே நிலையா என்று முதலில் கேளுங்கள். லைனின் கடைசியில் உள்ள ஒழுங்கைகளில், எல்லாரும் குளிக்கும் காலை நேரத்தில் அமுக்கம் இறங்கும். நள்ளிரவில் நன்றாக இருக்கும். அப்படியென்றால் இரவில் நிறையும் தாங்கி ஒன்று வைத்து, ஷவரை அதிலிருந்து எடுப்பதுதான் வழி.

பக்கத்து வீட்டில் நன்றாக வந்து உங்களுக்கு மட்டும் குறைவென்றால், மீட்டருக்குப் பக்கத்து வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். பிறகு வீட்டின் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டருக்குப் பின்னால் வரும் லைன் உங்கள் பொறுப்பு. மீட்டரும் அதற்கு முன்னால் உள்ளதும் சபையின் பொறுப்பு; மீட்டரில் உள்ள சீல் முத்திரையை நீங்களோ உங்கள் பிளம்பரோ தொடக்கூடாது.

முறைப்பாட்டுக்கு 1939. அழைக்கும் முன் பில்லில் உள்ள கணக்கிலக்கத்தையும், காலை, மாலை, இரவு என்று நீங்கள் அளந்து எழுதியதையும் கையில் வைத்திருங்கள். “தண்ணி குறைவு” என்பதைவிட “காலை ஆறரைக்கு நிமிடத்துக்கு மூன்று லீற்றர், இரவு பதினொன்றுக்கு ஒன்பது” என்று சொன்னால் எதிரே இருப்பவருக்கும் வேலை இலகு. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால், காணி உறுதிப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, கடைசியாகக் கட்டிய பில் ஆகியவற்றோடு அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை மாற்றும் வேலையையும் தொடங்கிவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வைத்திருப்பது நல்லது.

சபைக் குழாயில் நேராக மோட்டர் பூட்டி இழுப்பது தடை. பிடிபட்டால் இணைப்பே போகலாம். அதைவிட, நீங்கள் இழுக்கும் தண்ணீர் அயலவரின் பங்கு.

9. ஆள், செலவு, காலம்

மூன்றாம், நான்காம் படிக்குச் செலவு சில நூறு ரூபாய், ஒரு சனிக்கிழமைக் காலை போதும். புது லைன் சில ஆயிரங்களிலிருந்து தூரத்தைப் பொறுத்து ஏறும். ஒன்று அல்லது இரண்டு நாள் வேலை. மோட்டரும் தாங்கி உயர்த்துவதும் பத்தாயிரங்களில் போகும். பைப் விலை அடிக்கடி மாறுவதால் வாங்கும் வாரத்தில் இரண்டு கடையில் கேளுங்கள்.

பிளம்பரிடம் சாமான் பட்டியலை எழுதி வாங்கி, சாமானை நீங்களே வாங்குங்கள். சிறிய திருத்தத்துக்கு நாள் கூலி, புது லைனுக்குக் கொந்தராத்து என்பது என் விருப்பம். நாள் கூலியில் லைன் இழுத்தால் வேலை நீளும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஆள் கிடைக்காது. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்க பாஸ்மாரை (வேலை தெரிந்த ஆட்களை) நோன்பு மாதத்தில் கூப்பிடுவதென்றால் காலை நேரத்தில் வேலையை வையுங்கள், பின்னேரத்தில் அவர்களைக் கஷ்டப்படுத்தாதீர்கள். ஒக்டோபரில் மழை தொடங்கும் முன் வெளிவேலையை முடித்துவிட வேண்டும். ஈரப் பைப்பில் பசை பிடிக்காது.

பசையை அள்ளிப் பூச விடாதீர்கள். மிஞ்சும் பசை பைப்புக்கு உள்ளே வளையமாகக் காய்ந்து, நீங்கள் காசு கொடுத்துப் பெரிதாக்கிய துளையைத் திரும்பச் சிறிதாக்கும். அறுத்த நுனியைக் கத்தியால் வழித்த பிறகே பூட்டச் சொல்லுங்கள். ஒட்டிய லைனை ஒரு இரவு சும்மா விட்டு, மறுநாள் ஷவர் தலை இல்லாமல் ஓடவிட்டுக் கழுவி, வாளியால் திரும்ப அளந்து, அளவு சரியென்று கண்ட பிறகு கூலியின் மிச்சத்தைக் கொடுங்கள். சுவருக்குள் போகும் பைப் என்றால் சாந்து பூசும் முன், பக்கத்தில் அளவு நாடாவை விரித்துப் பிடித்து ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்தச் சுவரில் ஒரு கொளுக்கி அடிக்கும்போது பைப் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.